சிறுத்தை கடிக்காத கால்

நவம்பர் 4, செவ்வாய்

"சிறுத்தையா டீச்சரம்மா?" என்று பவளம் கேட்டபோது நான் ஏன் இல்லை என்று சொல்லவில்லை? காலையிலிருந்து யோசிக்கிறேன்.

நடந்ததையாவது நடந்தபடி எழுதிவைக்கிறேன். வழக்கம்போல் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எஸ்டேட் குறுக்குப் பாதையில் இறங்கினேன். இரவெல்லாம் மழை. சில்வர் ஓக் மரங்கள் முடிகிற இடத்தில் பாதை கல்லும் வேருமாகச் சரியும். அங்கே சீட்டில் உட்காரக் கூடாது. இரண்டு பெடலிலும் எழுந்து நின்றபடி இறங்க வேண்டும். நின்றேன். ஈரமான கேன்வாஸ் ஷூ பெடலை விட்டு நழுவியது. பெடல் ஒரு சுற்று சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது.

மலையில் ஓட்டும் சைக்கிளின் பெடல் தட்டையாக, அகலமாக, இரு பக்கமும் சின்னச் சின்ன இரும்பு முட்களோடு இருக்கும். காலணியைப் பிடித்துக்கொள்வதற்காக வைத்த முட்கள். காலணி கிடைக்காததால் தோலைப் பிடித்துக்கொண்டன.

சைக்கிள் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தது. பாதையில் உட்கார்ந்து சுடிதாரை உயர்த்திப் பார்த்தேன். இரண்டு வரிசை ஓட்டைகள், ரத்தம். அப்போதுதான் பனிமூட்டத்துக்குள்ளிருந்து பவளம் வந்தாள். கீழ் எஸ்டேட்டில் இலை பறிப்பவள்; அவள் மகள் என்னிடம் இயற்பியல் படித்தவள். இவ்வளவு சீக்கிரம் அவள் இந்தப் பக்கம் வருவதில்லை. காலைப் பார்த்தாள். மேலே காட்டைப் பார்த்தாள். கேட்டாள்.

நான் வலியில் கண்ணை மூடிக்கொண்டேன். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு எதுவும் என் கையில் இல்லை. பெண்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். என்னை நடுவில் விட்டு, சுற்றிலும் கம்புகளோடு, வீடுவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். சாமி ஊர்வலம்கூட எங்கள் தெருவில் இவ்வளவு பத்திரமாகப் போனதில்லை. வாசலில் டீ டம்ளரோடு நின்ற என் கணவர் சிதம்பரநாதனிடம் பவளமே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் பார்க்காததையும் சொன்னாள்.

இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். அது அவருக்குத் தெரியாது. நான் மறைக்கவில்லை. "வாக்கிங்கா?" என்று ஒருநாள் கேட்டார், தலையாட்டினேன். சைக்கிள் அவருடையதுதான். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரம் வாங்கி, அதற்கடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடினார். அவர் எழுந்திருப்பதற்குள் நான் போய்த் திரும்பிவிடுவேன்.

தேன்கல் சின்ன ஊர். ஒரு பெண் புதிதாகக் குடை வாங்கினால்கூட நாலு பேர் அபிப்பிராயம் சொல்வார்கள். நான் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி மட்டும் யாரிடமும் அபிப்பிராயம் இல்லை.

சாயங்காலம் தேயிலைக்குள் போய் சைக்கிளை மீட்டுவந்தேன். கீறல் ஒன்றும் இல்லை.

நவம்பர் 5, புதன்

ஆரம்ப சுகாதார நிலையம். நர்ஸ் கிரேஸ் என் காலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நகம் பட்ட மாதிரி இல்லியே. வரிசையா இருக்கு. பல்லு."

"பல்லேதான் சிஸ்டர்," என்றார் என் கணவர். "கவ்வி இழுத்திருக்கு. இவ ஒரு அறை விட்டா பாருங்க, அது ஓடியே போச்சு."

"அறையா? சிறுத்தையவா?"

"காலேஜ்ல இருபத்தஞ்சு வருசமா புள்ளைங்கள மேய்க்கிறவ சிஸ்டர். சிறுத்தை எல்லாம் எந்த மூலைக்கு?"

கிரேஸ் என்னை மரியாதையாகப் பார்த்தார். வாயைத் திறக்க இதுவே சரியான நேரம் என்று தோன்றியது. அதற்குள் ஊசி ஏறிவிட்டது. நாய்க்கடிக்குப் போடும் அதே ஊசி. இன்னும் சில தவணைகள் உண்டாம்.

இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவள், சைக்கிள் கடித்ததற்கு வெறிநாய் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

சரியான காலணி இருந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. தேட வேண்டும்.

நவம்பர் 8, சனி

கடைவீதியில் உள்ள பெரிய செருப்புக் கடைக்குப் போனேன். எனக்கு வேண்டியதை இணையத்தில் படித்துத் தெளிவாக வைத்திருந்தேன். அடி தட்டையாக இருக்க வேண்டும். ரப்பர் மிருதுவாக, பிசுபிசுப்பாக இருக்க வேண்டும், முட்கள் அதில் பதிய வேண்டும். ஆனால் அடி வளையக் கூடாது. வளைந்தால் பாதம் நோகும். கல்லில் இடித்தால் விரல் தப்பிக்க முன்பக்கம் கெட்டியாக இருக்க வேண்டும். இதைச் செய்து விற்பவர்கள் தங்கள் ரப்பர் பசைபோல் ஒட்டும் என்று எழுதுகிறார்கள். செய்து விற்பவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. இருந்தாலும் வேறு யார் சொல்வார்கள்?

"என்ன மாதிரி பாக்குறீங்க மேடம்? வாக்கிங்கா, ஜாகிங்கா?"

"அடி தட்டையா வேணும். ரப்பர் மெத்துனு இருக்கணும்."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல."

"சுகர்தானே? கூச்சப்படாதீங்க மேடம்." சர்க்கரை உள்ளவர்கள் போடும் எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்றேன். பள்ளிப் பிள்ளைகள் போடும் கறுப்பு ஷூ வந்தது. பிறகு ஜரிகை வைத்த கல்யாணச் செருப்பு வந்தது. அடி தட்டை என்பது உண்மைதான். அப்புறம் அவர் என் கால் கட்டைப் பார்த்துவிட்டார்.

"நீங்கதானா அந்த மேடம்? மொதல்லயே சொல்லக் கூடாதா?" உள்ளே ஓடினார். முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் கம்பூட்ஸோடு திரும்பினார். "இதப் போட்டுக்கிட்டா சிறுத்தையோட பல்லுதான் ஒடையும். தோட்டத்துல எல்லாரும் இப்ப இதத்தான் வாங்குறாங்க. உங்களாலதான் மேடம் ஸ்டாக் தீருது."

என் காலோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். ஒன்றும் வாங்காமல் வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

குறுக்குப் பாதையை வனத்துறை மூடிவிட்டது. இரண்டு முனையிலும் கயிறு, சிவப்பு எழுத்தில் பலகை. வாக்கிங் போகிறேன் என்று சொல்லி மொட்டை மாடியில் நடந்தேன். வட்டமாக நடந்தால் எங்கும் இறக்கம் வருவதில்லை.

மதியம் பஸ் நிலையத்தில் சாலை மறியல். தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் அருளானந்தம் ஒலிபெருக்கியில் பேசியது வீட்டுக்கே கேட்டது. "படித்த பெண்மணிக்கே பாதுகாப்பில்லை என்றால் பாமரப் பெண்களின் கதி என்ன?" கேள்வியில் குற்றம் சொல்ல முடியவில்லை. சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து என் காலைப் படம் எடுத்துப் போனார்கள். மாலையில் தேநீர்க் கடை எதிரே ஃப்ளெக்ஸ் முளைத்துவிட்டது. என் கால், பக்கத்தில் வாயைப் பிளந்த சிறுத்தை, மேலே கும்பிட்டபடி அருளானந்தம். என் முகம் இல்லை. அதற்கு நன்றி.

நவம்பர் 11, செவ்வாய்

கூண்டு வந்துவிட்டது. சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, நான் விழுந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். உள்ளே தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு. எங்கள் வீட்டு ஜன்னல்வரை அதன் சத்தம் கேட்கிறது. அதைப் பாதுகாக்கத் தனியாக ஒரு வனக்காவலர்.

என் கணவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் முகவர். ஆறேழு வருடமாக இந்த ஊரில் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே ஆட்கள் தெரு மாறிப் போவார்கள். இப்போது வீடு தேடி வருகிறார்கள். அவர் ஹாலில் அவர்களை உட்காரவைத்து, "சிறுத்தை சொல்லிட்டு வராதுங்க," என்று ஆரம்பிக்கிறார். நான் டீ கொண்டுபோக வேண்டும். வைத்துவிட்டுத் திரும்பும்போது, "வசு, அந்தக் கால..." என்பார். காட்டுவேன். கையெழுத்துப் போடுவார்கள்.

இரவு சாப்பிடும்போது சொன்னார்: "உனக்கு எப்படித்தான் தைரியம் வந்துச்சோ. எனக்கா இருந்தா அங்கயே உயிர் போயிருக்கும்." ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார். வழக்கமாக அவர் பேச்சு டிவியைப் பார்த்துத்தான்.

ரசம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அது நேற்று வைத்த ரசம்.

நவம்பர் 13, வியாழன்

ஒரு பெடலைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். நம்ப முடியாத விளம்பரத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான் முறை. சாய்தளப் பலகையில் பெடலை இறுக்கி, அதன்மேல் ஒவ்வொரு காலணியாக வைத்து, காலணிக்குள் எடைக்கல் போட்டு, பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். எது கடைசியில் நழுவுகிறதோ அது நல்ல காலணி. முதலாமாண்டுப் பிள்ளைகள் மரக்கட்டையை வைத்துச் செய்வதுதான்.

ஆய்வக உதவியாளர் எபினேசர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது சிலபஸ்ல வந்திருச்சா?"

"இன்னும் இல்ல."

"வந்தா சொல்லுங்க. வீட்ல பழைய செருப்பு நெறைய கெடக்கு."

என் கேன்வாஸ் ஷூ காய்ந்திருக்கும்போது பரவாயில்லை. தண்ணீர் தெளித்ததும் உடனே நழுவியது. என் கணவரின் ஓட்டப் பயிற்சி ஷூவுக்குத் தலையணை மாதிரி அடி. பெடல் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியாது. என்.சி.சி. அதிகாரியிடம் கேட்டு மலையேறும் பூட்ஸ் வாங்கிவந்தேன். ("சிறுத்தைய உதைக்கவா மேடம்?") அதன் அடியில் ஆழமான பள்ளங்கள். சேற்றில் நடக்க அது நல்லது. பெடலில் வைத்தால் முட்கள் பள்ளத்துக்குள் போய் நின்று காலணி ஆடுகிறது. விடுதிப் பெண் ஒருத்தியின் ஸ்கேட்போர்டு ஷூ, தட்டை அடி, மெத்தென்ற ரப்பர். தண்ணீர் தெளித்தும், பலகை ஏறக்குறைய செங்குத்தாக வரும்வரை விடவே இல்லை.

ஆக, விளம்பரம் சொன்னது சரிதான். இப்படி ஆவது எனக்குப் பிடிப்பதில்லை.

பெடலுக்கென்றே செய்த தட்டை அடி ஷூ ஒன்றை இணையத்தில் சொல்லிவைத்தேன். ஆண்களுக்கான அளவில்தான் கிடைக்கிறது. கிளிப்பச்சை தவிர வேறு நிறம் இல்லை.

வரும் வழியில் பவளத்தைப் பார்த்தேன். ரோட்டோரமாக மூச்சு வாங்கிக்கொண்டு நடந்துவந்தாள். பாதையை மூடியதால் மலையைச் சுற்றி ரோட்டு வழியாக வர வேண்டியிருக்கிறதாம்.

"தெனமும் லேட்டு. சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி ஏசுறான். அரைநாள் பேருதான் போடுறான், கூலியும் பாதிதான்."

"பாதையத் தொறக்கச் சொல்லிக் கேக்கலாமே."

"அய்யய்ய! உங்க காலப் பாத்த பொறவு எவ போவா அந்த வழியா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லாருந்தா போதும் டீச்சரம்மா," என்றாள்.

அவள் கை என் கையைவிடச் சூடாக இருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று நான் கல்லூரியில் இருந்தபோது பார்சல் வந்திருக்கிறது. அவர் பிரித்திருக்கிறார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கிளிப்பச்சை ஷூவைப் போட்டுக்கொண்டு ஹாலில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சட்டம் பேசியவர்.

"எப்படி வசு என் சைஸ் தெரிஞ்சுது?"

என் சைஸ்தான் எனக்குத் தெரியும். அவருக்கும் அதே சைஸ் என்று இத்தனை வருடம் கழித்து நேற்றுத்தான் தெரிந்தது.

"என்னத்துக்கு இப்ப இதெல்லாம்?" என்றார், குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டே. "சிறுத்தை கடிச்சது உன்ன. வாங்கிக் குடுக்கறது எனக்கா? சும்மா சொல்லக்கூடாது, கலர் கொஞ்சம் ஓவருதான். ஆனா கால்ல கம்முனு உக்காருது பாரு."

அவர் முகத்தைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. மறுபடியும்.

இன்று வெள்ளை வேட்டிக்குக் கீழே கிளிப்பச்சையோடு பாலிசி விஷயமாகப் போனார். திரும்பி வந்து ஒரே ஒரு குறை சொன்னார். "ஸ்கூட்டர் பிரேக்குல வெச்சா கால் ஒட்டிக்கிது வசு. எடுக்கவே வர மாட்டேங்குது."

ஷூ நல்ல ஷூ என்பதற்கு எனக்கு வேறு சோதனை தேவையில்லை.

இன்னொரு ஜோடி சொல்லலாம் என்று பார்த்தேன். அந்த அளவு தீர்ந்துவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

ரேஞ்சர் நந்தகோபன் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, தூக்கம் இல்லாத கண்கள். என் கணவர் வெளியே போயிருந்தார்.

"மேடம், கூண்டு வெச்சதுலேர்ந்து அதுக்குள்ள நொழைஞ்சது ரெண்டே ஜீவன். ஒரு தெரு நாய், அப்பறம் எங்க கார்டு. மழைக்கு ஒதுங்கினாராம், கதவு விழுந்திருச்சு. கேமராவுலயும் ஒண்ணும் இல்ல. இருந்தாலும் மேல இருந்து சொல்லிட்டாங்க. திங்கக்கெழம ரெண்டு பக்கமும் கம்பி வேலி. பாதை நிரந்தரமா மூடல்."

"நிரந்தரமாவா?"

"வேலி போட்டா போட்டதுதான் மேடம். எடுக்கறதுக்குன்னு எங்ககிட்ட ஃபண்டே கெடையாது." டீயைக் குடித்து முடித்தார். எழுந்திருக்கும்போது கேட்டார்: "நீங்க நல்லாப் பாத்தீங்கதானே? வால் எவ்ளோ நீளம் இருக்கும்?"

"வால் இல்ல," என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். வேறு பாதைகள் இருக்கின்றன. ரோடு இருக்கிறது. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே, ஊரே பார்க்க, நான் ஓட்டப்போவதில்லை. அந்தப் பாதையில் இறங்கும்போது மட்டும் நான் யாருடைய மேடமும் இல்லை, யாருக்கும் டீ கொண்டுபோகவும் வேண்டாம். அதோடு பவளமும் மற்றவர்களும் இனி எப்போதும் மலையைச் சுற்ற வேண்டும். ஒரு பெடலுக்காக.

சனிக்கிழமை தாசில்தார் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. அங்கே சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 22, சனி

சொன்னேன்.

தாசில்தாரம்மா நடுவில். ஒரு பக்கம் ரேஞ்சரும் இரண்டு காவலர்களும். மறுபக்கம் அருளானந்தம், பவளம், இன்னும் சில பெண்கள். என் கணவர் என் பக்கத்தில் பச்சை ஷூவோடு. பாதிக்கப்பட்டவர் பேசலாம் என்றார் தாசில்தார். எழுந்து நின்று, வகுப்பில் பேசுவதுபோலச் சொன்னேன். என் காலில் இருப்பது சிறுத்தைக் கடி இல்லை. நான் தினமும் அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறேன். மழையில் கால் நழுவி பெடல் அடித்துவிட்டது. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

தாசில்தார் பேனாவை மூடி வைத்தார்.

அருளானந்தம் எழுந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா அம்மா? எந்த அளவுக்கு மெரட்டியிருந்தா இப்படிப் பேசுவாங்க? வேலி போடற செலவ மிச்சம் பிடிக்க, பாவம், ஒரு காலேஜ் மேடமையே சைக்கிள் ஓட்டினேன்னு சொல்ல வெச்சிருக்காங்க!"

"யாரும் மெரட்டல," என்றேன்.

"மெரட்டினவங்க முன்னாடி எப்படிச் சொல்லுவாங்க?" என்றார் அவர், அன்பாக.

"நான் மெரட்டலைங்க!" என்றார் ரேஞ்சர். "நானே இவங்க சொல்றத நம்பணும்னுதான் பாக்குறேன். முடியல."

பவளம் என்னை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "அதிர்ச்சிங்க," என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்வது கேட்டது. "எங்க சின்னம்மாவுக்கும் கரடி அடிச்ச பொறவு இப்படித்தான், மரத்துலேர்ந்து விழுந்தேன்னே சொல்லிக்கிட்டிருந்தா."

தாசில்தார் என் கணவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். உங்க மனைவி சைக்கிள் ஓட்டுவாங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஷூவைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"தெரியலைங்க," என்றார்.

கடைசியில் தாசில்தார் முடிவு சொன்னார். நாளை காலை சம்பவ இடத்தில் நேரடி ஆய்வு. மேடம் சைக்கிளை ஓட்டி, பெடல் கடிக்கும் என்று காட்ட வேண்டும். காட்டினால் பாதை திறக்கப்படும். இல்லையென்றால் வேலி.

மாலையில் வீட்டில் விளக்கு வைத்த பிறகு என் கணவர் ஷூவைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்துக் கொண்டுவந்து என் அருகே வைத்தார்.

"இது உனக்கு வாங்கினதுதானே?"

"ஆமா."

"எனக்குச் சரியா இருந்துச்சு," என்றார். கொஞ்சம் நின்றார். "அதப் போடாத. பழசப் போடு. கால் நழுவினாத்தான் நம்புவாங்க."

அவர் சொன்னது சரி. அதுதான் சிக்கல். கேன்வாஸைப் போட்டால் நழுவும், ரத்தம் வரும், பாதை திறக்கும். இதைப் போட்டால் நழுவாது. நழுவாத கால் எதையும் நிரூபிக்காது. நாள்கணக்கில் படித்து, சோதித்து, எந்த நிலையிலும் வழுக்காத ஒரு காலணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வழுக்க வேண்டிய ஒரே நாள் நாளை.

இரண்டு ஜோடியும் வாசற்படியில் இருக்கின்றன. எதைப் போடுவது என்று காலையில் முடிவு செய்துகொள்ளலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

பச்சையைப் போட்டேன். ஊர் முன்னால் விழுவதென்றாலும், விழ வேண்டும் என்றே ஒரு காலணியைப் போட்டுக்கொள்ள என்னால் முடியவில்லை. தேவைப்பட்டால் காலை நானே நழுவவிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தூறல். பாதையின் இரு பக்கமும் தேயிலைக்குள் ஆட்கள் குடையோடு. கூண்டின் மேல் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஆடு கத்திக்கொண்டே இருந்தது. தாசில்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே சில்வர் ஓக் அருகே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் கீழே கூட்டத்தில் இருந்தார்.

இறங்கினேன். கல் வந்ததும் எழுந்து நின்றேன். யாரோ "அய்யோ" என்றார்கள். வேர்கள் வந்தன. நான் விழுந்த இடம் வந்தது. வலது காலை நழுவவிட முயன்றேன். வரவில்லை. பாதத்தைத் திருப்பினேன், உதறினேன், பெடலும் சேர்ந்து ஆடியதே தவிர ஷூ விடவில்லை. அதற்குள் சரிவு முடிந்து தாசில்தார் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டேன்.

கைதட்டினார்கள். பவளம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நல்லா ஓட்டுறீங்க மேடம்," என்றார் ரேஞ்சர். அழுதுவிடுவார்போல் இருந்தது. "ஆனா அடி படலியே."

"எப்படிப் படும்?" என்றார் அருளானந்தம். "கால் சிவனேன்னு அது மேல ஒக்காந்திருக்கு. இதுவா கடிச்சுது? இது பால்குடி மறக்காத சைக்கிள்!" கூட்டம் சிரித்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "குடுங்க மேடம் இப்படி. சின்ன வயசுல கேரியர்ல ஆள வெச்சு மூட்டைய வெச்சு ஓட்டுனவன் நான்."

"அந்தச் செருப்போட ஏறாதீங்க," என்றேன். ரப்பர் செருப்பு, அதுவும் ஈரம்.

"பாருங்க, இப்பவும் பயம் காட்டறாங்க!"

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் மேலே போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஏறினார். பாதையில் ஒரே ஒரு வேர்தான் குறுக்கே வந்தது. செருப்பு ஒரு பக்கம் போனது. பெடல் ஒரு சுற்று சுற்றி வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

தொண்டர்கள் தூக்கி உட்காரவைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு வரிசை ஓட்டைகள், ரத்தம். தாசில்தார் எழுந்து வந்தார். என்னையும் அருளானந்தத்தின் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரேஞ்சர் பாக்கெட்டிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தார். என் பக்கத்தில் அருளானந்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குது மேடம்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தெரியும்," என்றேன்.

"அன்னைக்கு நீங்க ஒரு சத்தம்கூடப் போடலையாமே."

தாசில்தார் அங்கேயே உத்தரவு சொன்னார். சிறுத்தை இல்லை. கூண்டு அகற்றப்படும். பாதை இன்றே திறக்கப்படும். பெண்கள் கைதட்டினார்கள். ஆட்டை வெளியே விட்டார்கள். அது நேராகத் தேயிலைக்குள் ஓட, காவலர் பின்னால் ஓடினார். தாசில்தார் இன்னும் முடிக்கவில்லை. இதே பாதையில் சைக்கிளால் இரண்டு பேருக்கு ரத்தக் காயம் ஏற்பட்டிருப்பதை ஆய்வில் நேரிலேயே கண்டதால், இன்று முதல் இப்பாதையில் சைக்கிள் ஓட்டத் தடை.

எழுந்து போய், விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தினேன்.

"தள்ளிக்கிட்டுப் போறதுக்குத் தடை இல்ல மேடம்," என்றார் ரேஞ்சர், ஆறுதலாக.

வீட்டுக்குக் கீழ்வழியாகப் போக வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். என் கணவர் வந்து பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். பவளமும் பெண்களும் பேச்சும் சிரிப்புமாக எங்களைத் தாண்டி, கிளைப் பாதையில் பிரிந்து போனார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"கூண்டுகிட்ட நீ எழுந்து நின்ன பாரு," என்றார் அவர். "அப்ப எனக்கு..."

வளைவைத் தாண்டினோம். அதற்கப்புறம் பாதை தேயிலைக்கு நடுவே ஓடைவரைக்கும் ஒரே இறக்கம். அவர் நின்று, திரும்பி, மேலே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரும் வரல," என்று சீட்டிலிருந்து கையை எடுத்தார். "ஏறு."